கடைசியாக என்ன மாறியது

கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் கொடுத்தாள். திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு மறுபடியும் அதே பெட்டி, அதே கேள்வி. கடவுச்சொல் தப்பு என்றால் தப்பு என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடும். இது அப்படியும் சொல்லவில்லை. வாங்க வாங்க என்று வாசல்வரை கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற கதையாக இருந்தது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

வேறு யாராவதாக இருந்தால் அந்தக் கணினிப் பெட்டியின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டியிருப்பார்கள். அவள் தட்டவில்லை. அவளுக்கு எரிச்சல்கூட வரவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக எதுவுமே வரவில்லை. பசி வரவில்லை, தூக்கம் வந்தால் வந்தது, அழுகை வரவே இல்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, தொட்டால் யாருடைய காலோ போல இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவள் தொழில் கேட்டு எழுதுவது. தொழிலாளர் தகராறு விசாரணைகளில் ஆளாளுக்குப் பேசுவதை ஒலிப்பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால், பதிவை ஓட்டுவதும் பின்னுக்கு இழுப்பதும் காலால்தான். அதற்காக மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை உண்டு. கடையில் வாங்கியதல்ல. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட்டின் பொத்தான்கள் இரண்டை ஒரு மரப்பலகையில் பதித்து, கம்பி இழுத்து, அதைக் கணினியோடு பேசவைத்தவர் அவர். மேல்நோக்கிய அம்பை மிதித்தால் பதிவு பின்னுக்குப் போகும். கீழ்நோக்கிய அம்பை மிதித்தால் ஓடும். 'உனக்குன்னு தனி லிஃப்ட் வெச்சுக் கொடுத்திருக்கேன், எந்த மகாராணிக்குக் கிடைக்கும்' என்று ஒரு வாரம் அலட்டிக்கொண்டார்.

கணினியில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைப் போட்டவரும் அவர்தான். வாங்கிய எந்தச் சாமானையும் மூடி கழற்றிப் பார்க்காமல் விட்ட சரித்திரம் அந்த மனிதருக்கு இல்லை. ஏதாவது கோளாறு என்றால் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துகொள்வாள், அவர் வந்து உட்காருவார். அவளுக்குத் தெரிந்த பழுதுபார்ப்பு அவ்வளவுதான். இப்போது எழுந்துகொண்டால் அந்த நாற்காலி சும்மாதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய விசாரணையின் கடைசிப் பகுதி போயாக வேண்டும். பதிவு, எழுதி முடித்த முக்கால் பங்கு, எல்லாமே அந்தக் கணினிக்குள் இருந்தன. துக்க வீடு என்று ஏற்கெனவே இரண்டு முறை தவணை தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை மேலாளர் அம்மா போனில் குழைந்து குழைந்து பேசினாள். "முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆளுக்குக் கொடுத்துடறோம். தப்பா எடுத்துக்காதீங்க." இதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்? ஊரான் சண்டையைக் கேட்டு எழுதும் அந்த வேலை ஒன்றுதான் அவளைக் காலையில் எழுப்பி, பல் தேய்க்கவைத்து, நாற்காலியில் உட்காரவைத்தது. அதுவும் கைவிட்டுப் போனால் எதற்காக எழுந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கணவரின் தங்கை வந்தாள். பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதாத குறையாகத்தான் வீட்டுக்குள்ளும் பேசுவாள். இந்த இரண்டு மாதமாகத்தான் அந்தக் குரலைக் கஷ்டப்பட்டு இறக்கி வைத்திருந்தாள்.

"கடைக்குத் தூக்கிட்டுப் போயிடலாம் அண்ணி. நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

"கேட்டாச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தரோம்னு சொல்றாங்க."

"அப்ப அண்ணன் ஏதாவதுன்னா ஒரு குழுவுல கேப்பாரே. ஃபோன்ல எந்நேரமும் யாரோடயாவது மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாரே. அங்க கேளுங்க."

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது அண்ணன் ஃபோனுக்குப் பொருந்தும். ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே. அவர் குரல் ஏதாவது இருக்கும். இல்லாட்டி ரெண்டு போட்டோவாவது இருக்கும்."

"பேட்டரி போயிடுச்சுன்னு சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க."

"அப்புறம் என்ன?"

அந்த ஃபோன் மேசை இழுப்பறையில், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. உறையை அவள் பிரிக்கவே இல்லை. பேட்டரி போனதா இருக்கிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அதையே பிடித்துக்கொண்டாள். அதற்குள் வாசலில் மணி அடித்தது. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். "சார் இல்லீங்களா?" என்று கேட்டார். "வெளிய போயிருக்கார்" என்றாள் அவள், கொஞ்சமும் தடுமாறாமல். கேட்கிற எல்லோருக்கும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் காதில் விழுந்தது. அவள் சார்ஜரைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லினக்ஸ்காரர்களின் அந்தக் குழுவில் அவள் 'மிதிகட்டை' என்ற பெயரில் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. 'சும்மாஇருப்பவன்' என்று ஒருவன் இருந்தான், யார் எதைக் கேட்டாலும் முதல் ஆளாகப் பதில் சொல்வான், ஒரு நிமிடம் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. குழுவைக் கட்டி மேய்க்கிறவள் 'முரட்டுப்பூனை'. யாராவது பேச்சை வேறு பக்கம் இழுத்தால் பிறாண்டிவிடுவாள். இவள் தன் ஃபோனிலிருந்து, கணினித் திரையைப் படமெடுத்துப் போட்டு, உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று எழுதினாள்.

அந்தக் குழுவில் யார் என்ன கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல. அவளுக்கும் அதுவே வந்தது.

'வணக்கம் மிதிகட்டை. கடைசியா எப்ப ஒழுங்கா வேலை செஞ்சுது? அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?'

'நேற்று வரை வேலை செய்தது. ஒன்றும் மாறவில்லை' என்று எழுதினாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புதிதாக ஏதாவது மென்பொருள் போட்டாளா, இல்லை. புதிதாக எதையாவது செருகினாளா, அதுவும் இல்லை. பின்னே என்ன மாறியிருக்கிறது?

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னான் சும்மாஇருப்பவன். படமும் பொத்தானும் இல்லாத வெறும் கறுப்புத் திரை வந்தது. அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் கணினி முணுமுணுக்காமல் உள்ளே விட்டது. அவன் சொன்ன கட்டளையைப் போட்டதும், எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் வட்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருப்பதாகக் காட்டியது.

'அதான் சங்கதி. நீங்க உள்ள நுழையும்போது கணினி தன் பங்குக்கு ரெண்டு வரி எழுதிக்கணும். எழுத இடமில்லைன்னா உங்களை வெளிய தள்ளிடும். கோபமெல்லாம் ஒண்ணுமில்லை, பாவம், இடம்தான் இல்லை.'

பழைய தேவையில்லாத கோப்புகளைத் துடைக்க வழி சொன்னான். துடைத்தாள். கொஞ்சம் இடம் கிடைத்தது, கதவு திறந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் அம்பை மிதித்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். கணினியின் விசிறி வழக்கம்போல ஊய்யென்று இரைந்துகொண்டிருந்தது. வெயில் காலம், சூடு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பார்த்தால், பழையபடி வாசலில் நிறுத்திவிட்டது. வட்டு மறுபடியும் நூற்றுக்கு நூறு.

இப்போது குழுவே கூடிவிட்டது. ஒருவர் வட்டு கெட்டுவிட்டது என்றார். ஒருவர் இந்த வகை லினக்ஸே உருப்படாது, தான் வைத்திருப்பதற்கு மாறுங்கள் என்றார். உடனே இன்னொருவர் அவர்மேல் பாய்ந்தார். அவள் பிரச்சினையை விட்டுவிட்டு அவர்கள் இருவரும் கட்டிப்புரண்டார்கள். முரட்டுப்பூனை வந்து இரண்டு பேரையும் ஒரு பிறாண்டு பிறாண்டி ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவளிடம் திரும்பினாள்.

'மிதிகட்டை, தானா எதுவும் நிரம்பாது. ஒரே ராத்திரியில இவ்வளவு எழுதுதுன்னா ஏதோ ஒண்ணு விடாம எழுதிக்கிட்டே இருக்குது. நிச்சயமா ஒண்ணும் மாறலையா? வீட்டுல ரவுட்டர் மாத்தினீங்களா? ஏதாவது கருவியை எடுத்துட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.'

'நிச்சயமாக ஒன்றும் மாறவில்லை' என்று எழுதினாள்.

சும்மாஇருப்பவன் வேறு வழியில் வந்தான். எந்தக் கோப்பு வீங்கியிருக்கிறது என்று தேடும் கட்டளை ஒன்றைக் கொடுத்தான். பட்டியலின் உச்சியில் ஒரே ஒரு கோப்பு மட்டும் மற்றவற்றையெல்லாம் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் கணவர் தன் கைப்பட எழுதிவைத்த சின்ன நிரல் ஒன்று, தான் செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் கோப்பு. முதல் சில வரிகளையும் கடைசிச் சில வரிகளையும் எடுத்துக் காட்டச் சொன்னான்.

அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் அவர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவைத்திருந்தார். கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'சோம்பேறி கிடைக்கலை. மறுபடி தேடறேன். சோம்பேறி கிடைக்கலை. மறுபடி தேடறேன்.'

சோம்பேறி என்பது அவருடைய ஃபோன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். சோம்பேறி, சோம்பேறி என்று அவள் கரித்துக்கொட்டுவாள். அவரோ அதை ஏதோ பட்டம் கொடுத்ததுபோல வாங்கிக்கொண்டு தன் ஃபோனுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார். வேலைக்குப் போகும் கட்டடங்களில் லிஃப்ட்டின் கம்பி இணைப்புகளை ஃபோனில் படமெடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் படங்கள் தாமாகக் கணினிக்கு வந்துவிடும். இந்த நிரல் செய்தது அந்த வேலையைத்தான்.

முதல் வரியில் தேதி இருந்தது. அவர் கடைசியாகக் கருவிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நாளின் தேதி. கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் முதல் 'கிடைக்கலை' விழுந்திருந்தது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி மோட்டார் அறையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்கு மத்தியானம். அந்த நேரத்திலும் இது தேடியிருக்கிறது.

அவள் படமெடுத்து அனுப்பினாள்.  சும்மாஇருப்பவன் நிரலையும் கேட்டான், என் கணவர் எழுதியது என்று அதையும் அனுப்பினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. பதிலில் சிரிப்புப் பொம்மை வேறு.

'பிடிச்சுட்டேன் அக்கா. இதை எழுதினவர் பலே ஆள். ஆனா ஒரே ஒரு ஓட்டை விட்டுட்டார். ஃபோன் கிடைக்கலைன்னா மூச்சு விடாம தேடும், ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதும். ஃபோன் கிடைச்சதும் எழுதின அத்தனையையும் அழிச்சுடும். அதனால தினமும் சாயங்காலம் கணக்கு நேராயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மனுஷன் எப்படியும் வீட்டுக்கு வந்துடுவோம்னு நம்பி எழுதியிருக்கார். வராமலே போனா என்ன பண்றதுன்னு எழுதவே இல்லை. அவர்கிட்டயே கேளுங்க, ரெண்டு வரி சேர்த்துக் கொடுத்துடுவார்.'

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். 'அவர் வெளியே போயிருக்கிறார்' என்று எழுதினாள். எழுதியதை அனுப்பாமல் அழித்தாள். பிறகு, 'நானே செய்கிறேன், என்ன செய்ய வேண்டும்' என்று மட்டும் கேட்டாள்.

'முதல்ல அதை நிறுத்துங்க. அப்புறம் கோப்பை அழிங்க. நிறுத்தாம அழிச்சா இடம் திரும்ப வராது. அது கைவிடாம பிடிச்சுக்கிட்டே இருக்கும்.'

நிறுத்தும் கட்டளை ஒரே ஒரு வரி. தட்டிவிட்டாள். கடைசி விசையை அழுத்துவதற்குள் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்த வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். அவள் தேடவில்லை. நாத்தனார் அழுது தீர்த்துவிட்டாள். உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து, 'அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காதே' என்று அவள் உயிரை வாங்கிவிட்டுத் தங்கள் தங்கள் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். அவளும் 'வெளிய போயிருக்கார்' என்று வாசலிலேயே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவள் காலடியில் இந்தப் பெட்டி மட்டும் மூச்சு விடாமல் அவரைத் தேடித் தேடி, தன் வயிறு வெடிக்கிறவரைக்கும் எழுதியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்துவிடும். அழுத்தினாள்.

விசிறியின் இரைச்சல் மெல்லத் தணிந்து அடங்கிப்போனது. அப்போதுதான் தெரிந்தது, அது வெயில் சூடு இல்லை என்று. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தெருவில் யாரோ ஷட்டரை ஏற்றுவது கேட்டது. அவள் கோப்பையும் அழித்தாள். வட்டில் பாதிக்கு மேல் இடம் காலியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி வேலையை அனுப்பினாள். மேலாளர் அம்மா உடனே கூப்பிட்டு, அடுத்த விசாரணையும் உங்களுக்குத்தான் என்றாள். சரிங்க என்றாள் இவள். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

ஃபோனில் முரட்டுப்பூனையின் செய்தி காத்திருந்தது.

'மிதிகட்டை, வேலை முடிஞ்சுதுன்னா நம்ம குழு வழக்கப்படி தீர்ந்ததுன்னு குறி போடுங்க. கூடவே காரணத்தையும் எழுதணும். முதல் கேள்விக்கு நீங்க சொன்ன பதிலைத் திருத்துங்க. ஒண்ணும் மாறலைன்னு அப்படியே விட்டீங்கன்னா யாருக்கும் பிரயோசனம் இல்லை. நாளைக்கு இதே பிரச்சினையோட இன்னொருத்தர் வருவாங்க. அவங்க தேடும்போது இது கிடைக்கணும்.'

இதென்ன பள்ளிக்கூடமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியே விட்டுவிடலாம், யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கடைசி வரியில் அவள் மாட்டிக்கொண்டாள். இதே பிரச்சினையோடு இன்னொருத்தர். வட்டு நிரம்பி, வாசலில் நிறுத்தப்பட்டு, ஒன்றும் மாறவில்லை என்று கூசாமல் எழுதப்போகிற ஒருத்தி எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் இருப்பாள். அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

தன் பழைய பதிலைத் திறந்தாள். 'ஒன்றும் மாறவில்லை' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் இப்படி எழுதினாள்:

'என் கணவர் இறந்துவிட்டார். அவருடைய ஃபோன் அணைந்து கிடக்கிறது. அது வீட்டுக்கு வரும் என்று கணினி தேடிக்கொண்டே இருந்தது. தேடுவதை நிறுத்திய பிறகு இடம் கிடைத்தது.'

தீர்ந்தது என்று குறியிட்டு அனுப்பினாள்.

எதற்கெடுத்தாலும் ஒன்பது பேர் பாயும் அந்தக் குழு கப்சிப்பென்று ஆகிவிட்டது. சும்மாஇருப்பவன் ஏதோ எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. கடைசியில் ஒரே வரி வந்தது.

'ரொம்ப நல்லா எழுதியிருக்கார் அக்கா. ஓட்டைன்னு நான் சொன்னது தப்பு.'

மரத்துப்போன கால் விடும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அதுபோல எங்கேயோ ஆரம்பித்தது. நெஞ்சிலா தொண்டையிலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வலித்தது, அவ்வளவுதான் தெரிந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அந்தச் சார்ஜர் உன் பையிலதானே இருக்கு?"

"ஆமா அண்ணி. ஏன்?"

"எடுத்துட்டு வரியா?"

"பேட்டரி போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"போகலை. நான் உறையையே பிரிக்கலை."  பிறகு, இன்றைக்குத்தான் கேள்விப்பட்டவள் போல, "அவர் செத்துப்போயிட்டார் இல்ல" என்றாள்.

 "ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார், அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டிராத சின்னக் குரலில். "வரேன். நான் வர்ற வரைக்கும் ஃபோனை வெச்சுடாதீங்க."

அவள் வைக்கவில்லை. ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.